ஒன்லைன் கசினோவில் ரூலெட், பிளாக்ஜாக், பக்கரா: காசு கட்ட முன் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்

304 விளையாடி வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சீட்டுக்கட்டைக் கண்டால் பயமே வராது. அந்தத் துணிவோடு ஒன்லைன் கசினோவுக்குள் போய்த் தடுக்கி விழுகிற பொடியளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் விழுவது விளையாடத் தெரியாமல் இல்லை, வரிசை மாறிச் செய்வதால்தான். முதலில் காசு போடுகிறார்கள், உடனே போனஸ் எடுக்கிறார்கள், தோற்கத் தொடங்கிய பிறகு விதியைத் தேடுகிறார்கள், வென்ற காசை எடுக்கப் போகும்போதுதான் அடையாள அட்டை கேட்பார்கள் என்பதே தெரிய வருகிறது. இதை அப்படியே தலைகீழாகச் செய்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று விளையாட்டிலும் நீண்ட காலத்தில் கசினோதான் வெல்லும், கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. கடன் அடைக்கலாம், வருமானம் பார்க்கலாம் என்று நினைத்து வந்திருந்தால் இதோடு நிறுத்திவிடுங்கள், உண்மையாகவே சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது ஒரு மாலைக்கு எவ்வளவு செலவாகும் என்பது மட்டும்தான், அதைக் குறைப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

1. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள்

இலங்கையில் கட்டடத்தில் நடக்கும் கசினோக்களுக்கு 2010இல் கசினோ தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது. ஒன்லைன் சூதையும் உள்ளடக்கி, ஒரு தனி ஒழுங்குமுறை அதிகாரசபையை அமைக்கும் சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் என்பதால், காசு போடும் நாளில் என்ன நிலை என்பதை அன்றைக்கே பார்க்க வேண்டும், போன வருடம் யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

எங்கள் போன்களில் விளம்பரமாக வரும் தளங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு உரிமத்தில் ஓடுபவை. காசு சிக்கினால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ போய்க் கேட்க ஒரு அலுவலகம் கிடையாது. இது சின்ன விஷயம் இல்லை.

இங்கே நிறையப் பேர் செய்யும் பிழை ஒன்று: கனடாவில் இருக்கும் மச்சானின் அக்கவுண்டில், இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு இங்கிருந்து விளையாடுவது. ஒன்ராறியோவில் 2022 ஏப்ரலிலிருந்து ஒழுங்குபடுத்தப்பட்ட ஒன்லைன் சந்தை இருக்கிறது, 19 வயது தாண்டிய மச்சான் அங்கே இருந்து சட்டப்படி விளையாடலாம். ஆனால் அந்தத் தளங்கள் ஆள் எங்கே இருக்கிறார் என்று இடத்தைச் சரிபார்க்கும். பிடிபட்டால் அக்கவுண்ட் மூடும், உள்ளே இருக்கும் காசும் சிக்கும், மச்சானின் பெயரும் கெடும்.

2. காசில்லாத டெமோவில் தொடங்குங்கள்

கணினியே சீட்டுப் போடும் மேசைகளுக்குப் பெரும்பாலும் டெமோ உண்டு. பல இடங்களில் பெயர் பதியாமலே திறக்கும். ஆள் உட்கார்ந்து வீடியோவில் சீட்டுப் போடும் லைவ் மேசைகளுக்கு டெமோ இருக்காது, அதனால் லைவுக்கு முதலில் போகாதீர்கள்.

ஏன் டெமோ? பட்டன்களைக் கைக்குப் பழக்குவதற்கு. போனின் சின்னத் திரையில் ஒரு பந்தயத்தைக் கட்ட நினைத்து இரண்டு கட்டுவது, அழிக்கும் பட்டனுக்குப் பதிலாகத் திரும்பக் கட்டும் பட்டனைத் தொடுவது எல்லாம் காசு போகும் பிழைகள். டெமோவில் பிழைத்தால் ஒன்றும் போகாது.

அங்கே வெல்வதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒழுங்கான தளத்தில் டெமோவும் காசு மேசையும் ஒரே கணக்கில்தான் ஓடும், ஆனால் டெமோவில் உங்கள் பயம் ஓடாது. இல்லாத காசு என்பதால் ஐயாயிரம் ரூபாய்ப் பந்தயத்தைச் சும்மா தட்டிவிடுவோம், அந்தப் பழக்கம் உண்மையான மேசைக்கும் கூடவே வந்துவிடும். டெமோவிலும் நீங்கள் உண்மையில் கட்டப் போகும் தொகையையே கட்டிப் பழகுங்கள்.

3. மேசையின் விதிப்பக்கத்தை வாசியுங்கள்

ஒவ்வொரு மேசையிலும் மூலையில் ஒரு கேள்விக்குறியோ மூன்று கோடோ இருக்கும். அதைத் தொட்டால் விதிகள் வரும். ஒரே பெயரில் பத்து மேசை இருக்கும், பத்துக்கும் விதி வேறு வேறாக இருக்கலாம். எந்த மேசையில் உட்காருகிறீர்கள் என்பது எப்படி விளையாடுகிறீர்கள் என்பதை விடப் பெரிய முடிவு.

பார்க்க வேண்டியவை சிலதான்: வென்றால் எவ்வளவு கொடுக்கிறார்கள், குறைந்த பந்தயம் எவ்வளவு, கூடிய பந்தயம் எவ்வளவு, விளையாடுபவருக்குத் திரும்பும் சதவீதம் எவ்வளவு. கடைசியாகச் சொன்னது 97.3 என்று இருந்தால் மீதி 2.7 கசினோவின் பங்கு. அது நீங்கள் கொண்டுபோன காசில் 2.7 அல்ல, கட்டும் ஒவ்வொரு பந்தயத்திலும் 2.7. அதே ஆயிரம் ரூபாயைத் திரும்பத் திரும்பக் கட்டினால் பங்கும் திரும்பத் திரும்பப் போகும். புதியவர்கள் கவனிக்காமல் விடும் கணக்கு இதுதான்.

4. ரூலெட்: பூச்சியத்தை எண்ணுங்கள்

ரூலெட்டில் கற்க வேண்டியது குறைவு, அதனால் இதை முதலில் வைக்கிறேன். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே பூச்சியம். ஒரு பூச்சியம் இருந்தால் 37 குழி. ஒரு எண்ணில் கட்டி வென்றால் கட்டிய காசும் அதற்கு மேல் 35 மடங்கும் கொடுப்பார்கள். 37 குழி, கைக்கு வருவது 36 மடங்கு, அந்த இடைவெளிதான் கசினோவின் 2.7 சதவீதம்.

அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூச்சியமும் இருக்கும், 38 குழி, கொடுப்பது அதே 35 மடங்குதான். பங்கு 5.26 சதவீதமாகிவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மேசைகளில் ஒன்று இரண்டு மடங்கு காசை உறிஞ்சும். அதனால் மேசை திறந்ததும் முதல் வேலை பூச்சியத்துக்குரிய பச்சைக் குழி எத்தனை என்று பார்ப்பது. இரண்டு இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

பிரெஞ்சு மேசை கிடைத்தால் நல்லது. சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை போன்ற பந்தயங்களில் கட்டியிருந்து பூச்சியம் விழுந்தால் பாதிக் காசைத் திருப்பித் தருவார்கள். அந்தப் பந்தயங்களில் பங்கு 1.35 ஆகக் குறையும். எல்லாப் பிரெஞ்சு மேசையிலும் இந்த விதி இருக்கும் என்று நினைக்க வேண்டாம், விதிப்பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இந்த இரட்டிப்பு முறை. தோற்றால் இரண்டு மடங்கு கட்டு, ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பி வரும் என்பார்கள். 100 ரூபாயில் தொடங்கித் தொடர்ந்து ஏழு தடவை தோற்றால் போனது 12,700 ரூபாய், எட்டாவது பந்தயத்துக்கு 12,800 தேவை. அவ்வளவும் கட்டி வென்றாலும் கிடைக்கும் லாபம் அந்த முதல் 100 ரூபாய்தான். ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் ஒரு நிறத்தில் தொடர்ந்து ஏழு தோல்வி வருவது ஏறக்குறைய 106இல் ஒரு தடவை. ஒரு மாலையில் அத்தனை முறை தொடங்குவது லேசு. மேசையின் கூடிய பந்தய வரம்பு அதற்கு முதலே கையைப் பிடித்துவிடவும் கூடும்.

திரையின் ஓரத்தில் முன்பு விழுந்த எண்களை வரிசையாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்துக் கட்டாதீர்கள். 1913இல் மொண்டே கார்லோவில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது, இனிச் சிவப்புத்தான் என்று கட்டிக்கொண்டே போனவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். முன்பு விழுந்தது எதுவும் சக்கரத்துக்குத் தெரியாது.

5. பிளாக்ஜாக்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

இந்த மூன்றில் உங்கள் முடிவு காசைப் பாதிக்கும் விளையாட்டு இது ஒன்றுதான். சரியான மேசையும் சரியான முடிவுகளும் சேர்ந்தால் கசினோவின் பங்கு 0.5 சதவீதம் அளவுக்கு இறங்கும். மனம் போனபடி ஆடினால் 2 சதவீதத்தையும் தாண்டும்.

முதலில் 304ஐ மறந்துவிடுங்கள். அங்கே ஜாக் 30, ஒன்பது 20. இங்கே ஜாக், ராணி, ராசா எல்லாம் 10தான், ஒன்பது ஒன்பதுதான், ஆஸ் மட்டும் 1 அல்லது 11. 21ஐத் தாண்டாமல், கசினோவுக்காக ஆடும் டீலரை விடக் கூடிய எண்ணிக்கை எடுப்பதுதான் ஆட்டம். இன்னொன்று, இங்கே சேர்ந்து ஆடும் கூட்டாளி கிடையாது. லைவ் மேசையில் பக்கத்தில் இருப்பவர் எப்படி ஆடினாலும் நீண்ட கணக்கில் உங்களுக்கு நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. கடைசிக் கதிரையில் இருப்பவர் பிழையாகச் சீட்டு எடுத்ததால்தான் டீலர் வென்றார் என்று கோபப்படுபவர்களைப் பார்ப்பீர்கள், அதில் உண்மை இல்லை. அவர் எடுத்த சீட்டு டீலரைக் கெடுத்திருக்கவும் அதே அளவு வாய்ப்பு இருந்தது.

உட்கார முன் ஒரு எண்ணைத் தேடுங்கள்: முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் (அதுதான் பிளாக்ஜாக்) 3க்கு 2 கொடுக்கிறார்களா, 6க்கு 5 கொடுக்கிறார்களா? 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு முதலாவதில் 150, இரண்டாவதில் 120. ஏறக்குறைய 21 கைக்கு ஒரு தடவை இது வரும். அந்த 30 ரூபாய் வித்தியாசம் கசினோவின் பங்கை 1.4 சதவீதம் அளவுக்கு ஏற்றிவிடும், நீங்கள் பாடுபட்டுக் கற்ற எல்லாவற்றையும் அது தின்றுவிடும். 6க்கு 5 மேசையில் உட்காரவே வேண்டாம். டீலர் ஆஸ் சேர்ந்த 17இல் நிற்கிறாரா, இன்னொரு சீட்டு எடுக்கிறாரா என்பதையும் பாருங்கள். நின்றால் உங்களுக்கு நல்லது, வித்தியாசம் 0.2 சதவீதம் அளவு.

இனி முடிவுகள். எல்லாவற்றுக்கும் அடிப்படை டீலரின் திறந்த சீட்டு. அது 2 முதல் 6 வரை இருந்தால் அவர் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் 21ஐத் தாண்டித் தோற்பார், 5 அல்லது 6 என்றால் நூறில் 42 தடவை அளவில். 7க்கு மேல் என்றால் அது நாலில் ஒன்று அளவுக்கோ அதற்கும் கீழேயோ போய்விடும். ஆகவே டீலர் பலவீனமாக இருக்கும்போது நாம் ஆபத்தை எடுக்காமல் நிற்கிறோம், பலமாக இருக்கும்போது எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆஸ் இல்லாத கையில்: 17இலும் அதற்கு மேலேயும் எப்போதும் நில்லுங்கள். 13 முதல் 16 வரை, டீலரிடம் 2 முதல் 6 என்றால் நில்லுங்கள், 7உம் அதற்கு மேலும் என்றால் எடுங்கள். 12 என்றால் டீலரிடம் 4, 5, 6 இருக்கும்போது மட்டும் நில்லுங்கள். 11இல் டபுள் (பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு எடுப்பது), 10இலும் டீலரிடம் 9 வரை இருந்தால் டபுள், 9இல் டீலரிடம் 3 முதல் 6 வரை என்றால் டபுள். 8இலும் அதற்குக் கீழேயும் எப்போதும் எடுங்கள்.

ஆஸ் 11 ஆக எண்ணப்படும் கையில் புதியவர்கள் பயந்து நின்றுவிடுகிறார்கள். ஆஸும் 6உம் வந்து 17 ஆனால் அங்கே நிற்கவே கூடாது, அடுத்த சீட்டு எதுவானாலும் நீங்கள் 21ஐத் தாண்ட முடியாது, ஆஸ் 1 ஆக மாறிவிடும். ஆஸும் 7உம் என்றால் டீலரிடம் 9, 10, ஆஸ் இருக்கும்போது எடுங்கள், 3 முதல் 6 வரை என்றால் டபுள், மற்றப்படி நில்லுங்கள்.

சோடி வந்தால்: ஆஸ் இரண்டையும் 8 இரண்டையும் பிரியுங்கள், அதாவது அதே பந்தயத்தை இன்னொரு தடவை கட்டி இரண்டு தனிக் கைகளாக ஆடுங்கள். 10 இரண்டையும் 5 இரண்டையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள், 20 கையில் இருக்கும்போது அதை உடைப்பது ஆசை மட்டும்தான். டீலர் இரண்டாவது சீட்டைக் கடைசியில் மட்டும் எடுக்கும் ஐரோப்பிய விதி இருந்தால், அவரிடம் 10 அல்லது ஆஸ் தெரியும்போது 11ஐ டபுள் செய்யாமல், 8 சோடியையும் பிரிக்காமல் சும்மா எடுங்கள். அவருக்குப் பிளாக்ஜாக் விழுந்தால் கூடக் கட்டியதெல்லாம் போய்விடும் என்பதால்.

டீலரிடம் ஆஸ் தெரியும்போது, அவருக்குப் பிளாக்ஜாக் விழும் என்று தனியாகக் கட்டும் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்பதுதான் பதில், எப்போதும். ஆறு கட்டு மேசையில் டீலரின் ஆஸைத் தவிர்த்துவிட்டால் 311 சீட்டு, அதில் பத்து மதிப்புள்ளவை 96. அது 31 சதவீதம் கூட இல்லை. 2க்கு 1 கொடுக்கும் பந்தயம் சமமாக வர 33.3 வேண்டும். உங்களிடம் பிளாக்ஜாக் இருக்கும்போது சமக் காசு தரவா என்று கேட்பதும் இதே இன்சூரன்ஸ்தான், வேறு உடுப்பில் வருகிறது.

முழு அட்டவணையையும் ஒரு பேப்பரில் எழுதி போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாரும் தடுக்கப் போவதில்லை. டெமோவில் பேப்பரைப் பார்க்காமல் நூறு கை பிழையில்லாமல் ஆடும் வரைக்கும் காசைத் தொடாதீர்கள். லைவ் மேசையில் முடிவெடுக்கச் சில வினாடிகள்தான் தருவார்கள், நேரம் முடிந்தால் நின்றதாக எடுத்துக்கொள்வார்கள். மழை நாளில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் அதேதான் நடக்கும், பந்தயம் திரும்பி வராது. லைன் சரியில்லாத நாளில் லைவ் வேண்டாம்.

சீட்டு எண்ணி வெல்லலாம் என்று காணொளிகளில் சொல்வதை விட்டுவிடுங்கள். கணினி மேசையில் பெரும்பாலும் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் குலுக்கப்படும், எண்ண எதுவும் மிஞ்சாது.

6. பக்கரா: பாங்கரில் கட்டுங்கள், டையைத் தொடாதீர்கள்

பாங்கர், பிளேயர் என்று இரண்டு கைகளுக்குச் சீட்டுப் போடுவார்கள், 9க்குக் கிட்ட வரும் கை வெல்லும், இரண்டும் சமமானால் அது டை. இங்கே நீங்கள் எடுக்கும் முடிவு ஒன்றுதான், எதில் கட்டுவது. மீதி எல்லாம் நிலையான விதிப்படி தானாக நடக்கும். பாங்கரில் 5 சதவீதக் கழிவு போகப் பங்கு 1.06, பிளேயரில் 1.24, 8 மடங்கு கொடுக்கும் டையில் 14 சதவீதத்துக்கு மேல். கழிவு இல்லாத மேசை என்று ஆசை காட்டுவார்கள், அங்கே பாங்கர் 6இல் வென்றால் பாதிதான் கொடுப்பார்கள், பங்கு 1.46 ஆக ஏறுகிறது.

7. மாலைச் செலவைக் கணக்குப் போடுங்கள்

பந்தயம், எத்தனை கை, பங்கு மூன்றையும் பெருக்குங்கள். 100 ரூபாய் வீதம் 200 கை என்றால் மொத்தம் 20,000 ரூபாய் கட்டுகிறீர்கள். நல்ல பிளாக்ஜாக் மேசையில் சராசரிச் செலவு 100, ஒற்றைப் பூச்சிய ரூலெட்டில் 540, இரட்டைப் பூச்சியத்தில் 1,052, பக்கராவின் டையில் 2,800க்கு மேல். ஒரே நேரம், ஒரே பந்தயம்.

ஆனால் சராசரி என்பது சராசரிதான். பிளாக்ஜாக்கில் அந்த 200 கையில் 1,500 ரூபாய் மேலேயோ கீழேயோ போவது சாதாரணம், 3,000 போவதும் நடக்காத காரியம் அல்ல. அதனால் அந்த மாலைக்கு ஒதுக்கும் காசு குறைந்தது 40 பந்தயத்துக்காவது காணும்படி இருக்க வேண்டும், முழுவதும் போனாலும் வீட்டுச் செலவில் ஒன்றும் குறையாத காசாக இருக்க வேண்டும். லைவ் பிளாக்ஜாக்கில் குறைந்த பந்தயமே பல இடங்களில் 5 டொலர் அளவில், எங்கள் காசில் ஆயிரத்து ஐநூறு. இந்தக் கணக்கில் அறுபதாயிரம் ஒதுக்க முடியாதவர்கள் அங்கே உட்காரக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு டெமோவே போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

8. பெயரும் பத்திரங்களும்

காசு போட முன் ஆள் அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். பல தளங்களில் காசு போடும்போது கேட்க மாட்டார்கள், எடுக்கும்போதுதான் கேட்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். எங்களுக்குத் தகப்பன் பெயர் பாஸ்போட்டில் ஒரு இடத்தில், வங்கி அட்டையில் வெறும் முதலெழுத்தாக, பழைய அடையாள அட்டையில் ஆங்கிலமே இல்லாமல். பாஸ்போட்டில் இருக்கும் எழுத்தை அப்படியே, எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதே பெட்டியில் போடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் காசு நிற்கும்.

முகவரிக்குக் கரண்ட் பில் கேட்பார்கள். சீதன வீடு என்றால் பில் மனைவி பெயரிலோ மாமி பெயரிலோ இருக்கும், அதை ஏற்க மாட்டார்கள். உங்கள் பெயரில் வரும் வங்கிக் கூற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தளத்தின் அடியில் போட்டிருக்கும் உரிம எண்ணை, உரிமம் கொடுத்த அமைப்பின் சொந்தப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அடியில் இருக்கும் படத்தை யாரும் ஒட்டலாம்.

வாட்ஸ்அப்பில் வந்து என் கணக்குக்குக் காசு போடு, நான் ஏற்றிவிடுகிறேன் என்னும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் வேண்டாம். அந்தக் கணக்கில் யார் யாருடைய காசு ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. விசாரணை என்று வந்தால் உங்கள் வங்கிக் கணக்கும் சேர்ந்து நிற்கும்.

9. போனஸை மறுக்கப் பழகுங்கள்

10,000 ரூபாய் போட்டால் 10,000 போனஸ். விதியில் 35 மடங்கு என்று இருக்கும், அதாவது 3,50,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டினால்தான் போனஸை எடுக்கலாம். மேசை விளையாட்டில் கட்டுவது 10 சதவீதம்தான் கணக்கில் சேரும் என்று இன்னொரு வரி கீழே இருக்கும், சில இடத்தில் சேரவே சேராது. அப்படியானால் பிளாக்ஜாக்கில் 35 லட்சம் கட்ட வேண்டும். 0.5 சதவீதம் என்றே வைத்தாலும் சராசரி இழப்பு 17,500, பத்தாயிரத்தை எடுப்பதற்கு. காசு போடும் திரையில் போனஸ் வேண்டாம் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

10. முதலில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்

முதல் தடவை ஆகக் குறைந்த தொகையைப் போட்டு, கொஞ்சம் விளையாடி, மீதியை எடுக்கக் கேளுங்கள். காசு வங்கிக்கு வந்து சேரும் வரைக்கும் இரண்டாவது தடவை போடாதீர்கள். எடுக்கக் கேட்ட காசு ஓரிரு நாள் நிலுவையில் நிற்கும், அந்த நேரத்தில் ரத்துச் செய்து திரும்ப விளையாட ஒரு பட்டன் வைத்திருப்பார்கள், நிறையப் பேரின் காசு அந்தப் பட்டனில்தான் போகிறது. கேட்டவுடன் வெளியேறி, தளத்தின் அமைப்புப் பக்கத்தில் நாள் வரம்பையும் வார வரம்பையும் குறைத்து வையுங்கள். பெரும்பாலான தளங்களில் வரம்பைக் குறைத்தால் உடனே நடக்கும், கூட்டக் கேட்டால் காத்திருக்க வைப்பார்கள், அந்தக் காத்திருப்பு உங்களுக்கு நல்லது.

போன காசைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள், வீட்டில் மறைக்கிறீர்கள், நகை அடகு வரைக்கும் யோசனை போகிறது என்றால் அக்கவுண்டை நிரந்தரமாக மூடச் சொல்லி எழுதுங்கள். பிறகு 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.